அனுப்பும் வழிக்குக் காவல் உண்டு, கோப்புக்கு?

வீட்டிலிருந்தே அலுவலக சர்வருக்குள் நுழைந்து, ஊழியர்களின் சம்பளப் பட்டியலை அதில் சேமிக்கிறீர்கள். இணைப்பு பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் பட்டியலும் பாதுகாப்பாக இருக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான்.

தொலைவிலுள்ள கணினியைக் கட்டளைகள் தட்டச்சு செய்து இயக்குவோர் பெரும்பாலும் பயன்படுத்துவது ‘எஸ்எஸ்எச்’ எனும் இணைப்புமுறை. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் டாட்டு யூலோனன் 1995ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கட்டமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு மறைச்சொற்களைத் திருடியதே அதற்குக் காரணம். அதுவரை வழக்கிலிருந்த ‘டெல்நெட்’ மறைச்சொல்லை அப்படியே அனுப்பியது. எஸ்எஸ்எச் அனைத்தையும் மறையாக்கம் செய்கிறது. அதாவது, திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாத குறிகளாக மாற்றி அனுப்புகிறது.

ஆனால் அந்தக் காவல் பயணத்துக்கு மட்டுமே. மறுமுனையை அடைந்ததும் கோப்பு பழைய வடிவத்துக்குத் திரும்பி சர்வரில் பதிவாகிறது. சர்வரின் நிர்வாகி, அதற்குள் ஊடுருவியவர், அதன் காப்புப் பிரதியைக் கைப்பற்றியவர் என எவரும் அதைப் படிக்கலாம்.

எனவே, அனுப்பும் முன்பே உங்கள் கணினியில் கோப்பைப் பூட்டிவிடுவது நல்லது. அதற்கு உதவும் இலவச மென்பொருள் ‘ஜிபிஜி’. அமெரிக்காவின் பில் ஸிமர்மேன் 1991ல் வெளியிட்ட ‘பிஜிபி’யின் வழியில், ஜெர்மனியின் வெர்னர் கோக் இதை எழுதினார். ஒரே மறைச்சொல்லால் பூட்டித் திறக்கலாம். அல்லது இரட்டைத் திறவுகோல் முறையைப் பயன்படுத்தலாம். அதில் பொதுத் திறவுகோல் பூட்டும். தனித் திறவுகோல் மட்டுமே திறக்கும்.

சர்வரே இரவுதோறும் தரவுகளைத் தொகுத்து வைக்கிறதா? அதில் பொதுத் திறவுகோலை மட்டும் வையுங்கள். அதனால் பூட்ட முடியும், திறக்க முடியாது. நாளை ஒருவர் அந்த சர்வரைக் கைப்பற்றினாலும், ஏற்கெனவே பூட்டிய கோப்புகளை அவரால் படிக்க இயலாது. தனித் திறவுகோல் உங்களிடமே இருக்கட்டும்.

பலரும் தவறுவது மூன்று இடங்களில்.

முதலாவது, மறைச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து ஒரே வரியில் தட்டச்சு செய்வது. லினக்ஸ் கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் கட்டளைகளை, அதே கணினியைப் பகிரும் மற்றவர்களும் பொதுவாகப் பார்க்க முடியும். நீங்கள் தட்டிய வரி கட்டளை வரலாற்றுக் கோப்பிலும் பதிவாகிவிடும். மென்பொருள் கேட்கும்போது மட்டும் மறைச்சொல்லைக் கொடுங்கள்.

இரண்டாவது, பூட்டாத மூலக் கோப்பை மறந்துவிடுவது. ஜிபிஜி பூட்டிய பிரதி ஒன்றைப் புதிதாக உருவாக்குமே தவிர, மூலத்தைத் தொடாது. அதை சர்வரில் விட்டுவைத்தால், வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

மூன்றாவது, எளிதில் ஊகிக்கக்கூடிய மறைச்சொல். ஜிபிஜி பயன்படுத்தும் ஏஇஎஸ்-256 முறையில், சாத்தியமான திறவுகோல்களின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டது. அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆனால் உங்கள் மறைச்சொல் பிறந்த தேதியாக இருந்தால், திருடன் அந்தப் பக்கமே போகமாட்டான், தேதிகளைத்தான் முயல்வான். தொடர்பில்லாத பல சொற்களைக் கோத்த நீண்ட மறைச்சொல்லே பாதுகாப்பு.

அதே வலிமை உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். மறைச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர எந்த நிறுவனமும் இல்லை. கோப்பு போனது போனதுதான். அதனால் மூலக் கோப்பை நீக்குவதற்கு முன், பூட்டிய பிரதியை ஒருமுறை உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் மூலத்தை நீக்குங்கள்.