கை நடுக்கத்தை நிறுத்தும் ஆபரேஷன்!

டீக்கடையில் சில பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். டம்ளரைக் கையில் எடுக்கமாட்டார்கள். மேஜை மேல் வைத்துவிட்டு, குனிந்து, வாயை அதன் அருகே கொண்டுபோய் உறிஞ்சிக் குடிப்பார்கள்.

கையில் எடுத்தால் பாதி டீ வேட்டியில் கொட்டிவிடும்!

உத்தமபாளையத்திலும் இவர்கள் உண்டு, சென்னையிலும் உண்டு. சட்டைப் பொத்தானை மாட்ட மகன் வரவேண்டும். சவரம் செய்துவிட இன்னொருவர் வேண்டும். பாங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பார்கள். கல்யாணப் பந்தியில் உட்காரக் கூச்சம். நாலு பேர் பார்க்கச் சோறு சிந்துமே என்று, "எனக்குப் பசி இல்லை" என்று சொல்லி ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள்.

"வயசாகிவிட்டது, என்ன செய்வது?" என்று வீட்டில் உள்ளவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட்டுவிடுவது சரியல்ல. நடுக்கம் கையில் தெரிகிறதே தவிர, கோளாறு கையில் இல்லை. மூளையில் இருக்கிறது. அதற்கு மருந்து உண்டு. மருந்துக்கு அடங்காத நடுக்கத்துக்கு ஆபரேஷனும் உண்டு. ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும்போதே, நோயாளியின் கண் முன்னாலேயே நடுக்கம் நின்றுவிடுவதும் உண்டு!

மூளைக்குள் டாக்டர்கள் கை வைப்பது ஒரு துவரம்பருப்பு அளவு இடத்தில்தான். அந்தச் சிறு இடத்தில் கை வைத்தால், வெகு தூரத்தில் உள்ள மூளைப் பகுதிகளின் போக்கும் மாறிவிடுகிறது. இதை இப்போது படம் எடுத்தே பார்க்கிறார்கள்.

நடுக்கம் எல்லாம் ஒன்றல்ல

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கை நடுங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி அல்ல.

டம்ளரைத் தூக்கும்போதும், எழுதும்போதும் மட்டும் கை நடுங்குவது ஒரு வகை. அது சில குடும்பங்களில் தகப்பனுக்கும் இருக்கும், மகனுக்கும் இருக்கும். தைராய்டு கோளாறாலும் கை நடுங்கலாம். வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளாலும் நடுங்கலாம். அந்த மருந்தை டாக்டர் மாற்றிக் கொடுத்தால் போதும்.

இன்னொரு வகை, கை சும்மா இருக்கும்போது நடுங்குவது. மடியில் வைத்த கை, தானாகவே ஆடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருநீறு எடுப்பதுபோல் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு விநாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை! முதலில் ஒரு கையில் தொடங்கும். பிறகு மறு கைக்கும் வரும். நடை தளரும். உடம்பு விறைக்கும். முகத்தில் சிரிப்பு குறையும். எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும். நோய் முற்றினால், சும்மா இருக்கும்போது மட்டுமின்றி வேலை செய்யும்போதும் கை ஆடும்.

இதுதான் பார்க்கின்சன் வியாதி. லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களில் சிலர் அவர் தெருவில் கண்டவர்கள்! நம் நாட்டு வைத்தியர்களும் இந்த வியாதியை அறிந்திருந்தார்கள். கம்பவாதம் என்றும் நடுக்குவாதம் என்றும் பெயர் வைத்திருந்தார்கள்.

மூளையின் அடியில் கரிய நிறத்தில் ஒரு சிறு திட்டு உண்டு. டோபமின் என்ற சத்தை அது உண்டாக்குகிறது. அந்தத் திட்டில் உள்ள நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோவதால் வருவது இந்த நோய்.

அறுந்த ரத்தக்குழாய்

1952-ல் நியூயார்க்கில் ஒரு சம்பவம் நடந்தது. இர்விங் கூப்பர் என்ற டாக்டர் ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு மூளை ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். நரம்புக் கற்றை ஒன்றை வெட்டுவது அவர் திட்டம். ஆனால் எதிர்பாராமல் ஒரு சிறு ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. அதைக் கட்டி அடைத்துவிட்டு, நினைத்த வேலையைச் செய்யாமலேயே ஆபரேஷனை முடித்துவிட்டார்.

நோயாளி கண் விழித்தார். கை ஆடவில்லை!

ரத்தம் போகாததால் மூளையின் ஆழத்தில் ஒரு சிறு பகுதி செயல் இழந்திருந்தது. அதுதான் நடுக்கத்தை நிறுத்தியது. இந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போன டாக்டர்கள், கடைசியில் 'தலாமஸ்' என்ற இடத்தைக் குறிவைத்தார்கள். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுள்ள பகுதி அது. திண்டுக்கல் ஜங்ஷனில் ரெயில்கள் வந்து பிரிவதுபோல், உடம்பின் செய்திகள் அங்கே வந்து பிரிகின்றன. அதில் ஒரு மூலையை மட்டும் சுட்டோ, உறையவைத்தோ அழித்தால் நடுக்கம் அடங்கியது.

சென்னையில் சாதனை

இந்த ஆபரேஷன் தமிழ்நாட்டுக்கு வரத் தாமதமாகவில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-ல் மூளை ஆபரேஷன் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. 1960-களில் அவரும், டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன், டாக்டர் டி. எஸ். கனகா ஆகியோரும் இந்த நுட்பமான ஆபரேஷன்களைச் சென்னையிலேயே செய்தார்கள்.

நோயாளிக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். அதில் அளவுக் கோடுகள் இருக்கும். எக்ஸ்-ரே படத்தை வைத்துக் கணக்குப் போட்டு, மண்டை ஓட்டில் ஒரு சிறு துளை இட்டு, மெல்லிய ஊசியை உள்ளே செலுத்துவார்கள். "கையை நீட்டுங்கள். விரலை மடக்குங்கள். பேசுங்கள்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். காகிதத்தைக் கொடுத்து ஜிலேபிபோல் ஒரு சுழி வரையச் சொல்வதும் உண்டு. கோணல் மாணலாக வந்த சுழி, ஊசி சரியான இடத்தைத் தொட்டதும் நேராகும். வலது கைக்கு மூளையின் இடது பக்கத்தில் ஆபரேஷன்; இடது கைக்கு வலது பக்கத்தில்.

டாக்டர் கனகாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இந்தியாவின் முதல் பெண் மூளை ஆபரேஷன் நிபுணர் அவர். 1932-ல் பிறந்தவர். பெண்கள் இந்தத் துறைக்கு எதற்கு என்று கேட்ட காலத்தில், 1968-ல் பட்டம் பெற்றார். 1975-ல் மூளைக்குள் மின்கம்பியைப் பதித்து வைக்கும் ஆபரேஷனை இந்தியாவிலேயே முதன்முதலாகச் செய்தவர் அவர்தான். ஆபரேஷன் செய்தது போக, 2004-க்குள் 139 தடவை ரத்த தானமும் செய்திருந்தார்! 2018-ல் காலமானார்.

பூனைக்காலி விதை

இதற்கிடையில் ஒரு மருந்து வந்தது. பெயர் லெவோடோபா. மூளைக்குள் போய் இது டோபமினாக மாறுகிறது. 1967-ல் அமெரிக்காவில் டாக்டர் கோட்சியாஸ் இதை அதிக அளவில் கொடுத்து நல்ல பலன் கண்டார். மாத்திரையே வந்துவிட்டபோது மண்டையில் துளை எதற்கு? ஆபரேஷன்கள் குறைந்தன.

இந்த மருந்துச் சத்து எதில் இருக்கிறது தெரியுமா? வேலிகளில் படர்ந்து, தொட்டால் அரிக்கும் பூனைக்காலி விதையில்! 1937-ல் சென்னை சேப்பாக்கத்தில் இருந்த சர்வகலாசாலை ஆராய்ச்சிக் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாரும் விதையை அரைத்துக் குடிக்கவேண்டாம். எந்த விதையில் எவ்வளவு சத்து என்பது அளவில்லாதது. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தாக முடியும்.

மாத்திரை இன்றும் முதல் சிகிச்சை. ஆனால் சில வருஷங்கள் போனபின் பலருக்கு மருந்தின் வேகம் சீக்கிரம் தணிகிறது. உடம்பு தானாக நெளியத் தொடங்குகிறது. சிலருடைய நடுக்கமோ எந்த மருந்துக்கும் அசைவதில்லை. அதனால் ஆபரேஷன் மறுபடி வந்தது.

1987-ல் பிரான்ஸ் நாட்டு கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட் ஒரு புதுமையைக் கண்டார். இடத்தைச் சுடுவதற்கு முன், சரியான இடம்தானா என்று பார்க்க மின்சாரம் செலுத்துவது வழக்கம். விநாடிக்கு நூறு துடிப்பு வேகத்தில் செலுத்தியபோது, சுடாமலேயே நடுக்கம் நின்றது! அதன்பின் மூளைக்குள் கம்பியை வைத்து, மார்பின் தோலுக்கு அடியில் சிறு பாட்டரிப் பெட்டியைப் பதிக்கும் முறை உலகெங்கும் பரவியது. பெட்டியை நிறுத்தினால் நடுக்கம் திரும்பி வரும். போட்டால் அடங்கும்.

மண்டையைத் திறக்காமலே செய்யும் முறையும் வந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரிக்கிறதல்லவா? அதுபோல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிக்கதிர்களை மூளையின் ஒரே புள்ளியில் குவித்துச் சூடேற்றுகிறார்கள். பார்க்கின்சன் நடுக்கத்துக்கு இதை 2018-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. நம் நாட்டிலும் சில ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள்.

ஸ்விட்சும் ரெகுலேட்டரும்

கோளாறு கரிய திட்டில். ஆபரேஷன் தலாமஸில். அங்கே சுட்டால் இங்கே எப்படி நடுக்கம் நிற்கிறது?

2011-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். நடுக்கத்துக்கு மூளையில் இரண்டு அமைப்புகள் உண்டு. கரிய திட்டோடு சேர்ந்த பகுதி மின்விசிறியின் ஸ்விட்சைப் போன்றது, நடுக்கத்தைத் தொடங்கிவைக்கிறது. பிடரிப் பக்கம் உள்ள சிறுமூளை, தலாமஸ், பெருமூளையின் மேற்பரப்பு மூன்றும் சேர்ந்த சுற்று ரெகுலேட்டரைப் போன்றது. நடுக்கம் எவ்வளவு என்பதை அது தீர்மானிக்கிறது. டாக்டர்கள் ஸ்விட்சைத் தொடுவதில்லை. ரெகுலேட்டர் சுற்றை வழியில் மறிக்கிறார்கள்.

இதைப் படம் எடுப்பது எப்படி? எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் நோயாளியைப் படுக்கவைத்து, மூளையின் ஒவ்வொரு பகுதியிலும் ரத்தத்தின் பிராணவாயு ஏறி இறங்குவதைப் பார்க்கிறார்கள். நாதசுரக்காரரும் தவில்காரரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தாலும், தாளம் ஒத்துப்போனால் ஒரே கச்சேரி என்று தெரிந்துவிடுகிறது. அதுபோல, ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டவை என்று கணக்கு.

பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாக்கியது. மின்கம்பி பதித்த நோயாளிகளைப் பாட்டரி ஓடும்போதும் நிறுத்தியபோதும் படம் எடுத்தார்கள். பாட்டரி ஓடும்போது, மூளைப் பகுதிகளின் தொடர்பு நோயில்லாதவர்களின் மூளையை நெருங்கி வந்தது. கம்பி சரியான இடத்தில் அமைந்திருந்தவர்களுக்கு இந்த மாற்றம் அதிகம். சற்று விலகியிருந்தவர்களுக்குக் குறைவு.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையில் ஓரிடத்தில் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுக். கை வைத்தது ஒரே இடம். தண்ணீர் வந்ததோ கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கு நெடுக! வைகை வழியாக மதுரைப் பக்கத்து வயல்களுக்கும் போயிற்று. மூளையிலும் மடை ஒன்று, பாய்ச்சல் பல. ஆனால் உவமையை ரொம்ப நீட்டக்கூடாது. வாய்க்கால் வெட்டியபடி கிடக்கும். மூளையோ உயிருள்ளது, தன் பாதையைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும்.

யாருக்கு ஆகும்? யாருக்கு ஆகாது?

இந்த ஆபரேஷன் நடுக்கத்தை அடக்கும். நோயைக் குணமாக்காது. கரிய திட்டு தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும். மாத்திரையை முழுவதும் விட்டுவிடலாம் என்று எண்ணுவது தவறு. தடுமாறி விழுகிறவர்களுக்கும், பேச்சுக் குழறல்தான் பெரிய தொல்லை என்பவர்களுக்கும் இதனால் பெரிய பயன் இல்லை. ஞாபக சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு டாக்டர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆபத்தும் உண்டு. சிலருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். சுட்டால் உதடோ விரல்நுனியோ மரத்துப்போகலாம், நடை தள்ளாடலாம். சிலருக்கு நடுக்கம் மெல்லத் திரும்பி வருகிறது. பாட்டரி முறைக்கோ தனியார் ஆஸ்பத்திரியில் பல லட்சம் ரூபாய் செலவாகிறது. பாட்டரி தீர்ந்தால் மாற்றவும் வேண்டும். நிலத்தை விற்கும் முன், நடுக்கத்தால் வாழ்க்கை எவ்வளவு கெட்டிருக்கிறது, ஆபரேஷனால் அதில் எவ்வளவு மீளும் என்று குடும்பத்தார் டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடவேண்டும்.

உத்தமபாளையத்துக்காரர்கள் முதலில் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியத்துக்கும் மூளை ஆபரேஷனுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டுபோக வேண்டும். பெரியவர் பத்து வருஷத்துக்கு முன் கையெழுத்துப் போட்ட பத்திரம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். எழுத்து சுருங்கியிருக்கிறதா என்று டாக்டர் அதில் பார்ப்பார்.