இரும்பு குறைந்தால் விஷம் கூடும்! - டிப்தீரியா கிருமியின் சாப்பாட்டு ரகசியம்

பிறந்த குழந்தைக்கு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசி போடுகிறார்கள். அது தடுக்கும் ஐந்து நோய்களில் ஒன்று, 'தொண்டை அடைப்பான்' எனப்படும் டிப்தீரியா. அதற்கான தடுப்பு மருந்து உருவானதற்குப் பின்னால், கிருமிக்கு ஆய்வகத்தில் என்ன சாப்பாடு போடுவது என்ற பெரிய கேள்வி இருந்தது.

டிப்தீரியாவில் உயிருக்கு உலை வைப்பது, கிருமி வெளியிடும் ஒரு நச்சுப் புரதம். 1888-ல் பாரிஸில் எமில் ரூ, அலெக்ஸாண்டர் யெர்சின் இருவரும் இதை நிரூபித்தார்கள். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரை மட்டும் விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். அப்போதும் அவை இறந்தன.

பிறகு காஸ்டன் ரமோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அந்த நச்சை ஃபார்மலினும் மிதமான சூடும் கொடுத்து வீரியமிழக்கச் செய்தார். அதுவே தடுப்பூசியானது. அதாவது, தடுப்பூசிக்கு நிறைய நச்சு வேண்டும்.

சிக்கல் அங்கேதான். ஒரே கிருமியை வளர்த்தாலும், ஊட்டத் திரவம் மாறினால் நச்சின் அளவும் மாறியது. 1936-ல் அமெரிக்காவின் பாப்பன்ஹைமர் காரணத்தைத் தெளிவுபடுத்தினார். திரவத்தில் இரும்புச்சத்து அதிகமானால் கிருமி கொழுகொழுவென வளர்கிறது, ஆனால் நச்சு சுரப்பதில்லை. இரும்பு குறைந்தால்தான் நச்சு கொட்டுகிறது.

ஏன் இப்படி?

நம் உடல் இரும்பைக் கிருமிகளுக்கு எளிதில் கொடுக்காது. ரத்தத்தில் உள்ள டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே இரும்புப் பஞ்சம் என்றால், 'மனித உடலுக்குள் வந்துவிட்டோம்' என்று கிருமிக்குச் சமிக்ஞை. கிருமிக்குள் இருக்கும் ஒரு புரதம், இரும்பு கிடைக்கும்வரை நச்சு மரபணுவைப் பூட்டி வைத்திருக்கும். இரும்பு தீர்ந்ததும் பூட்டு திறந்துகொள்ளும்.

மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமியும் இதேபோலத்தான். இரும்பு குறையும்போதுதான், டிரான்ஸ்ஃபெரினிலிருந்து இரும்பைப் பறிக்கும் புரதங்களை அதிகமாக உருவாக்கும். சத்தான ஊடகத்தில் மட்டும் வளர்த்துப் பார்த்தால், இந்த ஆயுதங்கள் ஆய்வாளர் கண்ணில் படாமலே போகலாம். குடுவையில் சாதுவாகத் தெரிவது உடலுக்குள் வேறு முகம் காட்டும்.

பெற்றோர் கவனத்துக்கு: டிப்தீரியாவுக்கு எதிரான பாதுகாப்பு நாளாக நாளாகக் குறையும். 16-24 மாதங்களிலும், 5-6 வயதிலும் போடும் டி.பி.டி பூஸ்டர் அதனால்தான் முக்கியம். குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்!