அந்தப் பக்கம் பேசியது யார்?

(9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)



சாலைப் பாதுகாப்பு மாதத்துக்காக மிஸ் தலைப்புகளைச் சீட்டில் எழுதி மடித்துக் குலுக்கிப் போட்டாங்க. நான் எடுத்த சீட்டில் "வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவதால் வரும் ஆபத்துகள்" என்று இருந்தது. என் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு "ஹெல்மெட்" வந்தது. மாத்திக்கலாமா என்று கேட்டேன், அவள் ஒத்துக்கவே இல்லை. நான் ஏன் மாற்றக் கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் கணக்கு.

இந்த வருஷம் அறிவியலில் "இயக்கம்" பாடம் படித்தோம் இல்லையா, அதில் இருந்தே ஆரம்பிக்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது பைபாஸில் ரொம்ப சாதாரணம். 60,000 மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் 16.67 வரும். அதாவது ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். நம் வகுப்பறையின் நீளம் 20 அடி, 6 மீட்டர் (டேப் வாங்கி நானே அளந்தேன்). அப்படியானால் கண்ணை மூடித் திறக்கும் ஒரு வினாடியில் வண்டி கிட்டத்தட்ட மூன்று வகுப்பறையைத் தாண்டிப் போய்விடும். போன் அடிக்கிறது, சட்டைப் பையிலிருந்து எடுத்து, யார் என்று பெயரைப் பார்த்து, பச்சையைத் தள்ளுவதற்கு மூன்று வினாடியாவது ஆகும். 50 மீட்டர் போயாச்சு! அந்த 50 மீட்டரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியது மாதிரிதான்.

பிரேக் போட்டால் உடனே நின்றுவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. v² = u² + 2as என்ற சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். பிரேக்கின் எதிர் முடுக்கம் 6 மீ/வி² என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 6 மீட்டருக்குள் நிற்கும். 60 கி.மீ. என்றால் 23 மீட்டர் ஆகும். வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது, ஆனால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. அதுவும் பிரேக்கை மிதித்த பிறகு உள்ள கணக்கு. மிதிக்க வேண்டும் என்று நம் மூளைக்குத் தோன்றுகிற வரைக்கும் வண்டி அதே 60-இல்தான் ஓடிக்கொண்டு இருக்கும்.

அந்த "தோன்றுகிற நேரம்" எவ்வளவு என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 30 செ.மீ. ஸ்கேலை ஒருத்தர் மேல் நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். இன்னொருத்தர் கீழே பூஜ்ஜியத்துக்கு நேராக இரண்டு விரலை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட்டதும் பிடிக்க வேண்டும். எத்தனையாவது செ.மீ.-இல் பிடித்தோமோ அதை வைத்து நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். 20 செ.மீ. என்றால் 0.2 வினாடி.

மதிய இடைவேளையில் நானும் என் தோழியும் பத்துத் தடவை செய்தோம். பேசாமல் இருந்தபோது நான் சராசரியாக 19-இல் பிடித்தேன். ஒரு தடவைகூட விடவில்லை. அப்புறம் அவள் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டே என்னிடம், "நேத்து உங்க மாமா வீட்டு விசேஷத்துக்கு யார் யார் வந்தாங்க, என்ன சாப்பாடு போட்டாங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லிக்கொண்டே பிடிக்க வேண்டும். பத்தில் நான்கு தடவை ஸ்கேல் நேராகத் தரையில் விழுந்தது. பிடித்த ஆறும் 25-க்கு மேல்தான். சிரிப்பு தாங்க முடியவில்லை. ஆனால் உட்கார்ந்து நோட்டில் எழுதும்போது சிரிப்பு போய்விட்டது. ஏன் என்றால் என் கையில் போன் இல்லை. கண் ஸ்கேலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தது. கையும் சும்மா இருந்தது, கண்ணும் சும்மா இருந்தது, புத்தி மட்டும் மாமா வீட்டுப் பந்தியில் இருந்தது.

"நான் கையிலயா பிடிச்சிருக்கேன், புளூடூத் தானே" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். நான் மட்டும் சொல்லவில்லை. கனடாவில் டொரன்டோ நகரத்தில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை வாங்கி, விபத்து நடந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. 1997-இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. போன் பேசும் நேரத்தில் விபத்து நடக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. கையில் பிடிக்காமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. செல்போன் நம்ம ஊர்ப் பக்கம் சரியாக வராத காலத்திலேயே இது தெரிந்துவிட்டது!

அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்து இருப்பவரிடம் பேசினாலும் ஆபத்துதானே என்று கேட்கலாம். நானும் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் என்னையே யோசிக்கச் சொன்னாங்க. எங்க அப்பா குட்டியானை ஓட்டுகிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சாமான் ஏற்றி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குக் கொண்டுபோவார். லீவு நாளில் நானும் முன்னால் உட்கார்ந்து போயிருக்கேன். வாய் ஓயாமல் பேசுவேன். ஆனால் குமணன்சாவடி பக்கம் மெட்ரோ தூண் ஓரமாக ஒரு பஸ் திடீர் என்று உள்ளே வெட்டினால் நானே பேச்சை நிறுத்தி, முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அப்பாவுக்கு முன்னால் எனக்கே தெரிந்துவிடும். போனில் பேசுகிறவருக்கு அந்த பஸ் தெரியாது. அவர் பாட்டுக்கு, "ஹலோ, கேக்குதா? ஏன் பேச மாட்டேங்கறே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

காது அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம்மை விடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 26-ஆம் தேதி காலை, உத்தரப்பிரதேசத்தில் குஷிநகர் மாவட்டத்தில் ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடந்த ஒரு பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதியது. 13 குழந்தைகள் இறந்து போனார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாக முதல்கட்ட விசாரணையில் தெரிகிறது என்று அந்த மாநில முதல்வர் அன்றைக்கே சொன்னார். கேட் பக்கத்தில் நின்ற உதவியாளர் வேனை நிறுத்தச் சொல்லியும் வேன் நிற்கவில்லை என்று ரயில்வே சொன்னது. அதற்குப் பிறகு 2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் இருந்த ஆளில்லா கேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கேட்டை எடுக்க முடிந்தது. இயர்போனை யார் எடுப்பது?

சட்டத்தில் தண்டனை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது, வண்டி ஓட்டிக்கொண்டே கையில் போன் பயன்படுத்துவதை 184-ஆம் பிரிவில் "ஆபத்தாக ஓட்டுதல்" என்பதில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புது அபராதம் வந்தது. முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 10,000 ரூபாய். வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாத மாதிரி இருக்க வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் அரை மணி நேரம் நின்றால் இந்த விதி எல்லாம் எந்த நாட்டுக்கு என்று சந்தேகம் வரும். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை காதில் என்று ஷேர் ஆட்டோ அண்ணன் ஒருத்தர் திரும்பினார் பாருங்கள், உள்ளே ஆறு பேர் இருந்தாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. (நானும்தான்.)

2021-ஆம் ஆண்டில் இந்தியா முழுக்க, ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் 1,997 விபத்துகள், 1,040 பேர் மரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த வருஷம் சாலை விபத்தில் இறந்தவர்கள் மொத்தம் 1,53,972 பேர். அதோடு பார்த்தால் 1,040 கம்மிதானே என்று தோன்றும். எனக்கு அதை நம்ப முடியவில்லை. விழுந்தவர் தானாக "நான் போன் பேசிட்டு வந்தேன்" என்று போலீசில் சொல்வாரா? எங்க வீட்டில் நடந்தது எந்தக் கணக்கிலும் இல்லை.

அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள். அப்பா வண்டியை ஓனர் வீட்டில் விட்டுவிட்டு, எக்ஸ்எல்லில் ராத்திரி எட்டு மணிக்கு வந்துகொண்டு இருந்தார். எனக்கு மறுநாள் கணக்குக்கு கிராஃப் ஷீட் வேண்டும். காலையிலேயே சொல்ல மறந்துட்டேன். அம்மா போனில் கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, "சொல்லு கண்ணு" என்றார். "அப்பா, கிராஃப் ஷீட் வாங்கிட்டு வாப்பா, அஞ்சு" என்றேன். "என்ன ஷீட்டு?" என்றார். "கிராஃப்பா, கட்டம் கட்டமா இருக்குமே" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் போன் கட் ஆகவில்லை. வண்டிகள் போகிற சத்தம், யாரோ "ஏய், தூக்குப்பா தூக்குப்பா" என்று கத்துகிற சத்தம், எல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் "அப்பா அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சென்னீர்குப்பம் பக்கம் லைட் போடாமல் ஓரமாக நின்ற லாரியின் பின்னால் போய் இடித்திருக்கிறார். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம். குட்டியானைக்கு ஓனர் வேறு ஆள் போட்டுவிட்டார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தினமும் ஓவர்டைம் பார்த்தாங்க. நான்தான் அப்பாவுக்குச் சட்டை பட்டன் போட்டுவிடுவேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "போன் பேசிக்கிட்டே ஓட்டினா இப்படித்தான்" என்று அப்பாவைத் திட்டினாங்க. பெரியப்பாவும் திட்டினார், டாக்டரும் திட்டினார். அந்தப் பக்கம் பேசியது யார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. "ஏதோ கம்பெனி கால்" என்று சொல்லிவிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போது அமெரிக்காவில் நடந்த இன்னொரு விபத்து கிடைத்தது. 2008 செப்டம்பர் 12, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சாட்ஸ்வொர்த் என்ற இடம். பயணிகள் ரயிலின் ஓட்டுநர் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே ஓட்டி, சிவப்பு சிக்னலைக் கவனிக்காமல் போய் எதிரே வந்த சரக்கு ரயிலில் மோதினார். 25 பேர் இறந்தார்கள். கடைசி செய்தியை அவர் அனுப்பியது மோதுவதற்கு 22 வினாடிக்கு முன்னால். அந்தப் பக்கம் இருந்தது ரயில் என்றால் பைத்தியமாக இருக்கும் ஒரு டீன்ஏஜ் பையனாம். அவன் மேல் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டினவர்தான் பதில் அனுப்பாமல் இருந்திருக்கணும். ஆனாலும் அந்தப் பையன் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பானா என்று எனக்கு ரொம்ப நேரம் தோன்றிக்கொண்டே இருந்தது.

சீட்டில் இந்தத் தலைப்பு வந்த அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம், "நான்தான் கூப்பிட்டேன்னு எழுதப் போறேன்" என்றேன். "மூணு தடவை அடிச்சியே, வீட்டுல யாருக்கு என்னமோன்னு பயந்து எடுத்தேன்" என்றார். அதுவரைக்கும் அதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எழுதிக்கோ என்றார்.

இப்போது எங்க வீட்டில் ஒரு வழக்கம். அப்பா ரோட்டில் இருக்கும் நேரத்தில் நாங்கள் யாரும் கூப்பிடுவதில்லை. லோடு இறக்கி முடித்து, டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு அவரே கூப்பிடுவார். வேறு யாருக்காவது போன் செய்தால், "வண்டியில இருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுவேன். அத்தை ஒருத்தர் மரியாதை இல்லாத பொண்ணு என்று கோபித்துக்கொண்டாங்க. பரவாயில்லை.

ஸ்கேல் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். பேசாமல் பத்து, பேசிக்கொண்டே பத்து. எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதி, பெயர், வகுப்போடு வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். ஆசிரியர்களும் கொடுக்கலாம். எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டு அடுத்த இதழில் ஒட்டுகிறேன். கிராஃப் ஷீட் என்னிடம் இருக்கிறது.