தொழிலாளர் நஷ்டஈடு: கூலியாளும் முதலாளியும் அறிய வேண்டியவை

கான்சாபுரம், வத்திராயிருப்பு முதலிய மலையடிவாரக் கிராமங்களில் தென்னையும் மாவும் நெல்லும் செழித்திருப்பது கூலியாட்களின் உழைப்பினாலேயாம். மரமேறுகிறவன் கால் வழுக்கி விழுந்தாலும், டிராக்டரில் வேலை செய்கிறவன் கையை இழந்தாலும், கிராமாந்தரங்களில் நடப்பது பெரும்பாலும் ஒன்றே. பெரியவர்கள் கூடுகிறார்கள், ஒரு தொகை பேசப்படுகிறது, துயரத்திலிருக்கும் குடும்பத்தாரிடம் ஒரு காகிதத்தில் கைரேகை வாங்கப்படுகிறது. அத்துடன் விஷயம் தீர்ந்ததென்று இரு தரப்பாரும் எண்ணுகின்றனர். சட்டப்படி அது தீர்ந்ததாகாது.

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு முதலாளி ஈடு செய்ய வேண்டுமென்ற விதி நம் நாட்டில் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இப்பொழுது அவ்விதிகள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன. இது ஆலைகளுக்கு மட்டும் உரிய சட்டமென்று எண்ணுவது தவறு. நிலச் சாகுபடி, கால்நடை வளர்ப்பு, வன வேலை, ஆழ்துளைக் கிணற்று வேலை முதலியனவும் இதன்கண் அடங்கும். நாட்கூலி பெறுகிறவன் என்ற காரணத்தினால் மட்டும் ஒருவனுடைய உரிமை போய்விடாது.

தொகை கணக்கிடும் முறையை ஓர் உதாரணத்தினால் விளக்கலாம். மாதம் 12,000 ரூபாய் கூலி பெறும் 40 வயதுள்ள ஒருவன் வேலையில் இறந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். கூலியில் பாதியாகிய 6,000 ரூபாயை அவ்வயதிற்குரிய 184.17 என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். வருவது 11,05,020 ரூபாய். அவன் உயிர் பிழைத்து, எவ்வேலையும் செய்ய இயலாதவாறு நிரந்தரமாக முடங்கிவிட்டால், கூலியில் நூற்றுக்கு 60 பங்கை அதே எண்ணால் பெருக்குதல் வேண்டும். அது 13,26,024 ரூபாய் ஆகும். கட்டைவிரலை மட்டும் இழந்தவனுக்கு உழைப்புச் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு குறைந்ததாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே மேற்படி தொகையில் 30 பங்கு, அதாவது சுமார் 3,97,807 ரூபாய் கிடைக்கும். சில காலம் மட்டும் வேலைக்குப் போக இயலாதவனுக்கு, அரை மாதத்திற்கு ஒருமுறை மாதக் கூலியில் கால் பங்கு உரியது. வைத்தியச் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும்.

மரணம் நேர்ந்த விஷயத்தில் முதலாளிகள் முக்கியமாகக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. நஷ்டஈட்டை விதவையின் கையில் நேராகக் கொடுத்தால் அது கொடுத்ததாகவே கருதப்படாது. அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவரே அதை மனைவி, மைனர் மக்கள், விதவைத் தாய் முதலியோருக்குப் பகிர்ந்தளிப்பார். அவசரத்திற்காக மூன்று மாதக் கூலி வரையில் முன்பணமாகக் கொடுக்கலாம். அது கணக்கில் கழிக்கப்படும். ஊர்ப் பேச்சில் கைரேகை வாங்கி உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் செலுத்தாதவர் வட்டியும், தக்க காரணமில்லாவிடில் தொகையில் பாதி வரையில் அபராதமும் கொடுக்க நேரிடும்.

'குடித்திருந்தான்' என்று சொல்லி விலகிக்கொள்பவர்களும் உண்டு. சிறு காயங்களில் அவ்வாதம் செல்லக்கூடும்; மரணத்திலும் நிரந்தரமான முழு ஊனத்திலும் செல்லாது. வேலையை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டதனாலும் பொறுப்பு நீங்கிவிடாது. தம் தொழிலைச் சேர்ந்த வேலையை ஒப்பந்தத்தில் விட்டவர் முதலில் ஈடு செய்து, பின்னர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

இராஜபாளையத்து நூற்பாலைகள் போன்ற இடங்களில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ., திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு உதவி அத்திட்டத்தின் மூலமே கிடைக்கும். முதலாளியிடம் தனியே கோர முடியாது. ஆகவே வேலைக்குச் செல்லும் இளைஞர் தம் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே விசாரித்துக்கொள்வது நலம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் பதிவேட்டில் பெயர் இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் ஜீவனத்தையே நிர்ணயிக்கும்.

இவ்விஷயத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம்மிடம் வேலை செய்வோரின் பெயர், வயது, கூலி, வேலை நாள் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதிவரும்படி செய்தல். கூலிக்கு அத்தாட்சியில்லாமையே கோரிக்கைகளுக்கு நேரும் பெருந்தடை. இரண்டாவது, தோப்புடையவர்களைச் சேர்த்து இப்பொறுப்புக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுக்கச் செய்தல். திடீரென்று பதினோரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சிறு விவசாயியால் இயலாது, ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கட்டுவது இயலும். மூன்றாவது, விபத்து நேர்ந்தவுடன் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கவும், இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனுச் செய்யவும் எழுத்தறியாதவர்களுக்குத் துணை செய்தல். சங்கத்தின் கிடங்கில் மூட்டை சுமப்பவருக்குச் சங்கமே முதலாளி என்பதையும் நிர்வாகிகள் மறத்தலாகாது.

வெள்ளம் வருமுன் அணை கோலுவது விவசாயிகளுக்குப் புதிதன்று. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளும் சங்கம், தோப்புடையவருக்கும் தோப்பில் உழைப்பவருக்கும் ஒருங்கே நன்மை செய்ததாகும்.