காற்றும் எதிரே, தீவும் எதிரே

கரீபியன் கடலில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. தீவும் திட்டுமாக எண்ணினால் ஐம்பதைத் தாண்டும். பெரும்பாலானவை ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும் தூரத்தில்தான். பல நாடுகளிலிருந்து நண்பர்கள் கூட்டமாக வந்து, 'யாட்' எனப்படும் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே தூங்கி, தீவு தீவாகச் சுற்றுகிறார்கள்.

நீங்களும் உங்கள் நண்பர்கள் மூன்று பேரும் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். படகு நிற்பது டார்டோலா தீவிலுள்ள ரோட் டவுனில். போக வேண்டியது வர்ஜின் கோர்டா தீவுக்கு. நேர் கிழக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஆனால் காற்று வீசுவதும் கிழக்கிலிருந்துதான்! இன்று மட்டுமல்ல, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். நிலநடுக்கோட்டருகே சூடான காற்று மேலே எழும்பிப் போக, அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்து காற்று வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் மேற்குப் பக்கம் திரும்பிவிடுகிறது. உங்கள் பாடப் புத்தகத்தில் வரும் வியாபாரக் காற்று இதுதான். பல நாட்கள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் முகத்துக்கு நேரே அடிக்கும்.

பின்னால் வீசும் காற்று படகைத் தள்ளுவது யாருக்கும் புரியும். எதிரே வீசும் காற்றை வைத்துக்கொண்டு முன்னே போவது எப்படி?

நேராகப் போக முடியாது. படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். ஆனால் காற்று வரும் திசைக்கு 45 பாகை சாய்வாகத் திருப்பிப் பாருங்கள். பாய் விம்மி வளையும். அந்த வளைவின் மேல் ஓடும் காற்று, பாயால் திசை மாறிப் பின்பக்கமாகப் போகிறது. காற்றைப் பாய் பின்னே திருப்ப, பாயைக் காற்று எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையை மேலே தூக்குவதும் இதே விசைதான். இங்கே இறக்கை செங்குத்தாக நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தள்ளலில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான், கொஞ்சமே முன்பக்கம். அப்படியானால் படகு பக்கவாட்டில் அல்லவா நழுவ வேண்டும்? அதைத் தடுப்பது நீருக்கடியில் இருக்கும் கீல். படகின் அடியிலிருந்து கீழே நீண்டிருக்கும் கனமான பலகை போன்ற பாகம் அது. நீர் அதைப் பக்கவாட்டில் நகரவிடாது. ஊறவைத்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் சரக்கென்று முன்னே பாயுமே, அதுபோலத்தான்: ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் நீர், நடுவில் படகு.

பாயின் முன்னோரத்தில் சின்னச் சின்னக் கம்பளி நூல் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். யாரோ விளையாட்டாக ஒட்டியவை அல்ல. பாயின் இரண்டு பக்கத்து நூலும் நேராகப் பின்னோக்கிப் பறந்தால் காற்று ஒழுங்காக ஓடுகிறது. ஒரு பக்கத்து நூல் துள்ளித் துடித்தால் சுக்கானையோ பாயையோ சற்றே திருத்த வேண்டும். எத்தனை மின்னணுக் கருவி இருந்தாலும் மாலுமிகளின் கண் இந்த நூலின் மேல்தான். எனக்கு யாட்டில் மிகப் பிடித்த கருவியும் அதுதான். விலை சில ரூபாய்கூட இருக்காது.

சரி, 45 பாகையில் கொஞ்ச தூரம் போயாயிற்று. இப்படியே போனால் தீவை விட்டு விலகிவிடுவோம், அதனால் இப்போது மறுபக்கம் 45 பாகைக்குத் திரும்ப வேண்டும். சுக்கான் பிடிப்பவர் "தயாரா?" என்று கத்துவார். மற்றவர்கள் "தயார்!" என்றதும் படகு திரும்பும். பாயின் அடியிலுள்ள நீளக் கம்பு சடாரென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். தலையைக் குனிந்துகொள்ளுங்கள்! படகும் மறுபக்கம் சாயும். உள்ளே மேசைமேல் வைத்த குவளைகள் கீழே உருளும். அடுப்பு மட்டும் ஊஞ்சல்போலத் தொங்கவிடப்பட்டிருப்பதால் பாத்திரம் சாயாமல் நிற்கும்.

இப்படிச் சாய்ந்து சாய்ந்து போவதால் தூரம் எவ்வளவு கூடும்? ஒரு தாளில் 20 செ.மீ. மூலைவிட்டம் வருமாறு சதுரம் வரைந்து பாருங்கள். மூலைவிட்டம்தான் நேர்வழி, நீங்கள் போவது இரண்டு பக்கங்கள் வழியாக. பக்கம் சுமார் 14 செ.மீ. வரும். இரண்டு பக்கம் சேர்ந்தால் 28. ஆகவே 20 கிலோமீட்டர் பயணம் உங்களுக்கு 28 கிலோமீட்டர். மணிக்கு 11 கிலோமீட்டர் போனால் இரண்டரை மணி நேரம்.

வர்ஜின் கோர்டாவில் வீடளவு பெரிய கருங்கல் பாறைகள் கரையோரம் குவிந்து கிடக்கும், பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த தீவுக்கு வேறு கண் வேண்டும்.

அது அனெகாடா. வடக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காற்று பக்கவாட்டில் வருவதால் பாய்க்குச் சுலபம். ஆனால் கிளம்பும்போது தீவே கண்ணில் படாது! மற்ற தீவுகள் மலைத் தீவுகள். வர்ஜின் கோர்டாவின் உச்சி 400 மீட்டருக்கு மேல். அனெகாடாவோ பவளமும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த தட்டை நிலம். அதன் மிக உயரமான இடமே எட்டு மீட்டர் சொச்சம்தான். பூமி உருண்டை என்பதால் அது கடலின் வளைவுக்குக் கீழே ஒளிந்திருக்கும். நெருங்க நெருங்க முதலில் மர உச்சிகள் மட்டும் தெரியும், தண்ணீரிலேயே முளைத்தாற்போல.

அனெகாடாவுக்குத் தென்கிழக்கே ஹார்ஸ் ஷூ என்ற பவளத்திட்டு ஏறக்குறைய 29 கிலோமீட்டர் நீள்கிறது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் அதில் மோதி உடைந்திருக்கின்றன. 1831-ல் ராபர்ட் ஷோம்பர்க் என்பவர் தன் சொந்தச் செலவில் இந்தத் தீவையும் திட்டுகளையும் அளந்து வரைபடம் போட்டார். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கிறது. இருந்தாலும் ஒரு நண்பரைப் படகின் முன்முனையில் நிறுத்துவார்கள். அவர் வேலை, நிறம் பார்ப்பது.

சூரிய ஒளியின் சிவப்பை நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும். நீலம்தான் ஆழம்வரை போகும். அதனால் கருநீலம் என்றால் ஆழம். வெள்ளை மணல்மேல் சில மீட்டர் நீர் மட்டும் இருந்தால் வெளிர்பச்சை கலந்த நீலம். பழுப்பாகத் தெரிந்தால் பவளம், அங்கே போகவே கூடாது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் தருவதே அந்தப் பழுப்பு. ஆனால் மேகத்தின் நிழலும் கடல்மேல் பழுப்புத் திட்டுபோல ஏமாற்றும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நிழல் நகரும், பவளம் நகராது.

சூரியன் தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னேயோ இருக்கும் நேரத்தில்தான் இந்த வித்தை பலிக்கும். முகத்துக்கு நேரே வெயில் அடித்தால் கடல் முழுவதும் வெறும் பளபளப்பு. அதனால்தான் நடுப்பகலையொட்டிப் போய்ச்சேரும்படி காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

நங்கூரம் போட நீரடி மணலாக இருக்க வேண்டும். ஆழம் மூன்று மீட்டர், நீருக்கு மேல் படகின் முனை ஒரு மீட்டர்: மொத்தம் நான்கு. அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 20 மீட்டர் சங்கிலி விடுவது வழக்கம். குட்டையான சங்கிலி நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். நீளமான, கனமான சங்கிலி தரையோடு படிந்து பக்கவாட்டில் இழுப்பதால் நங்கூரம் மணலுக்குள் இன்னும் புதையும். என்ஜினைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டி அதை இறுக்கியபின் நிறுத்திவிட்டு, ஒருவர் கண்ணாடி முகமூடி போட்டுக்கொண்டு குதித்து, நங்கூரம் நிஜமாகவே புதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் கட்டைவிரலை உயர்த்தாத வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது.