வலி மாத்திரை போதையாகும்போது

அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய கடும் வலிக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை டபென்டடால். தமிழ்நாட்டில் போலீசார் பறிமுதல் செய்யும் ‘போதை மாத்திரை’களில் அடிக்கடி அடிபடும் பெயரும் இதுதான். ஹெராயின் மூளையில் எந்த ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறதோ, அதே ஏற்பிகளைத்தான் இதுவும் பற்றுகிறது. இந்தக் குடும்பத்துக்கு ஓபியாய்டு என்று பெயர். இதே வகையைச் சேர்ந்த டிராமடாலை மத்திய அரசு 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அது கிடைப்பது அரிதானதும் பலர் டபென்டடாலுக்கு மாறினார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரைதான். கள்ளத்தனமாகக் கைமாறுவது நிற்கவில்லை.

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துவதாகச் சொன்னது. ஹெராயினுக்கு அடுத்த இடம் மருந்து வகை ஓபியாய்டுகளுக்கு.

முதலில் ஒரு மாத்திரை தந்த மயக்கம், சில வாரங்களில் இரண்டு மூன்று போட்டால்தான் வரும். பிறகு போதைக்காக அல்ல, நடுக்கம் வராமலிருக்கவே மாத்திரை தேவைப்படுகிறது. நிறுத்தினால் ஒரு நாளுக்குள் ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்சு, கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வரும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம்.

ஊசி வழியாக ஏற்றுவது இதைவிடக் கொடுமை. மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்தாலும், அதிலுள்ள டால்க், செல்லுலோஸ் போன்ற சேர்மானங்கள் கரைவதில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் நுண்துகள்கள் மிதக்கும். அவை சிரை வழியே போய் நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. கை சீழ் பிடிக்கும். தவறிப்போய்த் தமனியில் ஏறினால் விரல்கள் அழுகக்கூடும். ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்தே பரவும்.

உயிர் போவது பெரும்பாலும் மூச்சு அடங்கித்தான். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சில வாரம் விட்டிருந்தவர் மறுபடி பழைய அளவையே எடுக்கும் நேரம் மிக அபாயமானது. மனம் மறக்காத அளவை உடல் மறந்திருக்கும். உதடு நீலம் பாரித்து, தட்டினாலும் எழாதவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். நேரத்தில் கொடுத்தால் நலாக்சோன் என்ற மருந்து மூச்சைத் திருப்பித் தரும்.

வீட்டில் பூட்டிவைத்து இப்பழக்கத்தை நிறுத்த முயல்வது வீண் வதை. புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்துப் படிப்படியாக மீட்கலாம். வழக்குக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்: சிறிய அளவு போதைப்பொருளுடன் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. ஆலோசனைக்கான கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 14446.