நெய்யாற்றங்கரையில் ஒரு ஞாயிறு

பாறசாலை: ஞாயிற்றுக்கிழமை காலை. நாகர்கோவில் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் வண்டி குழித்துறை மேற்கு நிலையத்தைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைகிறது. கேரள எல்லைக்குள் வந்தபின் முதல் ஸ்டேஷன் இதுதான். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பையும் தூக்குப் பாத்திரமுமாக வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர், வாரம் ஆறு நாள் திருவனந்தபுரத்தில் உழைத்துவிட்டு ஏழாம் நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் திரிகிறவர்கள். சினிமாவுக்குப் போனால் காசு போகிறது. அறையிலேயே படுத்திருந்தால் உடம்பு கனக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் காத்திருக்கிறது ஓர் ஆறு.

அதுதான் நெய்யாறு. கேரளத்தின் தென்கோடி ஆறு. அகத்தியர் மலையில் பிறந்து, காடு இறங்கி, அணையில் தேங்கி, தென்னந்தோப்புகளுக்கும் மரவள்ளித் தோட்டங்களுக்கும் நடுவே வளைந்து, பூவாறு என்ற இடத்தில் அரபிக்கடலைச் சேருகிறது. மொத்த நீளம் 56 கிலோ மீட்டர்தான். நம் காவிரியோடு ஒப்பிட்டால் இது ஒரு குழந்தை. ஆனால் நடந்து பார்க்க விரும்புகிறவனுக்குக் குழந்தையின் கையைப் பிடித்து நடப்பதுதான் சுலபம்.

ஜெர்மனியில் ஒரு மழை

நடப்பதற்காகவே நடப்பது என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். பஸ் இல்லாதவன்தானே நடப்பான்! ஆனால் ஜெர்மனியில் இது பெரிய காரியம். அங்கே கருங்காடு என்று பெயர் பெற்ற மலைப் பகுதியில் நடைப் பயணிகளுக்கென்று 1864-லேயே ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1900-ல் அந்தச் சங்கத்தார் போர்ட்ஸ்ஹைம் நகரிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகர் வரை ஏறத்தாழ 285 கிலோ மீட்டருக்கு ஒரு நடைபாதை வகுத்தார்கள். வழி நெடுக மரங்களிலும் கம்பங்களிலும் சிவப்புச் சாய்சதுர அடையாளம் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. இன்றைக்கும் அந்தப் பாதையில் ஆட்கள் நடக்கிறார்கள்.

1909-ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் நடந்து போனார். இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், ஆசிரியருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏழைப் பிள்ளைகள் தங்கி நடக்கும்படி திறந்து விட்டால் என்ன என்று யோசித்தார். உலகமெங்கும் இன்றுள்ள இளைஞர் விடுதிகளுக்கு அந்த மழை இரவே வித்து. லென்னே ஆற்றின் மேல் நிற்கும் அல்டெனா கோட்டையில் அவர் ஏற்படுத்திய விடுதியே முதல் நிரந்தர இளைஞர் விடுதி. காட்டில் யாரும் காற்று வாங்க நுழையலாம் என்பதை அந்நாட்டார் 1975-ல் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

நெய்யாற்றங்கரையில் அப்படிச் சிவப்பு அடையாளம் ஒன்றும் கிடையாது. ஆனால் வழி சொல்ல ஆட்கள் உண்டு. டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். தமிழில் கேட்டாலும் பதில் வரும். இந்தப் பக்கத்துப் பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பலா மரம் காத்த ராஜா

பாறசாலையை அடுத்து தனுவச்சபுரம், அமரவிளை, அதன் பின் நெய்யாற்றின்கரை. இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1979-ல்தான். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை 87 கிலோ மீட்டர். அதற்கு முன் இந்த ஊர்க்காரர்களுக்கு பஸ்தான் கதி. அதற்கும் முன் கால்நடைதான். தலைச்சுமையோடு விளவங்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு வரை நடந்தவர்களின் கதையை இங்கே வயதானவர்கள் வீட்டில் இன்றும் கேட்கலாம். அவர்களுக்கு நடை பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் ஸ்ரீகிருஷ்ணன் கோவிலுக்குப் போகலாம். அங்கே ‘அம்மச்சிப் பிலாவு’ என்று பேர் பெற்ற பலா மரத்தின் அடிப்பாகம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருமுன், எட்டு வீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இந்த மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது கதை. ஒரு சிறுவன் வந்து பொந்தைக் காட்டினானாம். அவன் கண்ணனே என்று ராஜா நம்பினார். 1729 முதல் 1758 வரை ஆண்டு திருவிதாங்கூரைப் பெரிய ராஜ்யமாக்கியவருக்கு ஒரு நாள் அடைக்கலம் கொடுத்தது ஒரு பொந்து மரம்.

நெசவில் ஆர்வம் உள்ளவர்கள் ஒரு ஸ்டேஷன் தள்ளி பாலராமபுரத்தில் இறங்கலாம். அங்கே தறி நெய்யும் சாலியர்களின் முன்னோர் பாலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798-1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். ஓணத்துக்கு மலையாள தேசம் உடுத்தும் கசவு முண்டில் நம்மவர் கைவண்ணமும் இருக்கிறது.

அருவிப்புறத்துக் கல்

கோவிலிலிருந்து ஆற்றை ஒட்டி மேல்நோக்கி நடந்தால் அருவிப்புறம். ஆறு இங்கே பாறைகளுக்கிடையே சலசலத்து இறங்குகிறது. 1888 சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு இந்த ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். கோவிலுக்குள் நுழையவே அனுமதி இல்லாத வகுப்பில் பிறந்தவர், கோவிலையே உண்டாக்கினார். ஜாதி பேதமும் மத துவேஷமும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதியும் வைத்தார். இந்தக் கோவிலை நடத்த ஏற்பட்ட சிறு சபையே பின்னர் வளர்ந்து 1903-ல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் ஆயிற்று.

அருவிப்புறம் வருமுன் குரு தவம் இருந்த இடம் கன்னியாகுமரிக்கு அருகேயுள்ள மருந்துவாழ் மலை. அவர் தமிழ் கற்றவர். தமிழிலும் பதிகங்கள் பாடியவர். ஆகவே இந்தப் பாறையில் உட்கார்ந்து காலை ஆற்றில் நனைக்கும் தமிழன் வேற்றூரில் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று முன்பின் தெரியாத துறையில் இறங்கிவிடக் கூடாது. பல வருஷங்களாக மணல் வாரியதில் ஆற்றின் அடியில் அங்கங்கே ஆழமான குழிகள் விழுந்திருக்கின்றன. ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் குளிப்பது நல்லது.

அணையும் காடும்

அருவிப்புறத்துக்கு மேலே மண்டபத்தின்கடவு, ஒற்றசேகரமங்கலம் என்று கரையோர ஊர்கள். ரப்பர் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் மாறி மாறி வருகின்றன. நடக்க முடியாதவர்கள் காட்டாக்கடை வழியாக பஸ்ஸில் நெய்யாறு அணைக்குப் போய்விடலாம். அணை 1958-ல் கட்டி முடிந்தது. அதே ஆண்டில் சுற்றியுள்ள 128 சதுர கிலோ மீட்டர் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. நீர்த்தேக்கத்தில் முதலை உண்டு. கரையில் கால் வைக்குமுன் அறிவிப்புப் பலகையைப் படிக்க வேண்டும். 1984-ல் தொடங்கிய சிங்கப் பூங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அங்கே இப்போது சிங்கம் இல்லை.

அணைக்குப் பின்னால் நீலமாக நிற்பது அகத்தியர்கூடம். உயரம் 1868 மீட்டர். இந்தப் பக்கம் நெய்யாறு இறங்க, அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமைக்குத் தாமிரபரணி இறங்குகிறது. ஒரே மலை, இரண்டு மக்களுக்கும் தண்ணீர். ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும் வன இலாகாவின் அனுமதிச் சீட்டுடன் போனக்காடு வழியாக இதில் ஏறலாம். கோர்ட் தீர்ப்புக்குப் பின் 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள். அட்டைக் கடிக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும் அஞ்சாதவர்களுக்கே அது. ஒரு நாள் லீவில் முடிகிற காரியமும் அல்ல.

வாய்க்காலில் நின்ற தண்ணீர்

திரும்பி எல்லைக்கு வருவோம். நெய்யாற்று அணையின் இடதுகரை வாய்க்காலை ஒட்டித் தெற்கே நடப்பவர்கள் எல்லையை நெருங்கும்போது ஒரு மாற்றத்தைக் காண்பார்கள். எல்லைக்கு அப்பால் விளவங்கோடு தாலுகாவில் வாய்க்கால் இருக்கிறது. அணைத் தண்ணீர் இல்லை.

இந்தத் திட்டம் தொடங்கியபோது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே ராஜ்யத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரியாக ராஜ்யங்கள் பிரிந்தன. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் நிலத்தில் போட்டார்கள். வாய்க்கால் கோட்டைக் கடந்தே ஓடியது. விளவங்கோட்டில் 9,200 ஏக்கர் அதை நம்பி இருந்தது. 2004-ல் தண்ணீர் நின்றது. நெய்யாறு கேரளத்திலேயே பிறந்து கேரளத்திலேயே கடலில் சேருவது, ஆகவே இரு மாநில நதி அல்ல என்பது கேரளத்தின் வாதம். ஆயக்கட்டு இங்கேயும் இருக்கிறதே என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

நியாயம் எந்தப் பக்கம் என்பதை நீதிபதிகள் சொல்லட்டும். எல்லையில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிவது வேறு. இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவனும் அந்தப் பக்கத்துக்காரன். அந்தப் பக்கத்துச் சந்தையில் வாங்குகிறவனும் இந்தப் பக்கத்துக்காரன். களியக்காவிளையில் ஒரே கடையில் இரண்டு மாநிலத்துக்காரர்களும் பழம் பேரம் பேசுகிறார்கள். தவக்காலத்தில் வெள்ளறடையை அடுத்த தெற்குக் குரிசுமலையில் இரண்டு பக்கத்து மக்களும் ஒரே வழியில் ஏறுகிறார்கள். மனிதர்கள் போய் வருகிறார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை.

ஜெர்மானியர்கள் பாதை போட்டு, பலகை வைத்து, சட்டம் எழுதி நடக்கிறார்கள். அது அவர்கள் வசதி. நம்மவனுக்கு ஒரு ரயில் டிக்கெட்டும், தோளில் ஒரு துண்டும், சம்படத்தில் கொஞ்சம் புளிச்சோறும் இருந்தால் போதும். நடக்கிறவன் கண்ணில்தான் ஆறு எங்கே தேய்கிறது, மணல் எங்கே போகிறது, வாய்க்கால் எங்கே காய்கிறது என்பதெல்லாம் படும். பஸ் ஜன்னலில் அது தெரியாது.

மாலை வண்டி நெய்யாற்றின்கரையை விட்டதும் அமரவிளைக்கு முன்னால் ஆற்றைத் தாண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்தப் பாலத்தில் ஒரு கணம் எட்டிப் பார்க்கட்டும். காலையில் கால் நனைத்த தண்ணீர் அந்நேரம் பூவாற்றுப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.